டோன்சோ பொத்தானை அழுத்தினார்

நெவெனாவுக்கு ஆபீசில் ஒரு பட்டப்பெயர் உண்டு: கொலைகாரி. ஒரு வேலையை முடித்த கையோடு, தான் கட்டியதைத் தானே அடித்து வீழ்த்திவிட்டு, அது தானாக எழுகிறதா என்று கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். எழுந்தால் காபி குடிக்கப் போவாள். எழாவிட்டால் மறுபடி வேலையில் உட்காருவாள்.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்குக்கா சாகடிக்கிறே?" என்று கேட்பான் பக்கத்து நாற்காலி ராட்கோ.

"இப்ப ஓடுதுங்கிறது இப்பத்துக்கு மட்டும்தான்டா சாட்சி. நாளைக்கு யாரு சாட்சி சொல்லுவா?"

"உனக்குப் புருஷனா வந்தவன் ஏன் ஸ்பெயினுக்கு ஓடினான்னு இப்பத்தான் புரியுது."

"அவனையும் ஒருதடவை தள்ளிவிட்டுப் பார்த்தேன். எழுந்தான். எழுந்து ஸ்பெயினுக்குப் போயிட்டான்."

அவர்கள் செய்த வேலை இதுதான். பெரிய சர்வர் ஒன்றுக்குள் லினக்ஸ் மென்பொருளைக் கொண்டு தடுப்புச்சுவர் எழுப்பி, சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். அந்த அறைக்குக் கண்டெய்னர் என்று பெயர். ஒவ்வோர் அறையும் தான்தான் முழுக் கணினி என்று நம்பிக்கொண்டு வாழும். அதற்கு உண்மையான நெட்வொர்க் அட்டை கிடையாது. கற்பனையாக ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். கற்பனைக் கம்பி ஒன்றின் ஒரு முனையை அறைக்குள் விட்டு, மறுமுனையை வெளியே பொதுப் பாலத்தில் செருகி, உள்முனைக்கு ஓர் ஐபி முகவரி தர வேண்டும். முகவரி இல்லாவிட்டால் அந்த அறை விளக்கெரியும் பூட்டிய வீடு. உள்ளே ஆள் இருப்பான். யார் கூப்பிட்டாலும் அவன் காதில் விழாது.

முகவரி தர இரண்டு வழி. ஓடிக்கொண்டிருக்கும் அறைக்குக் கட்டளை போட்டு, வாய்ச்சொல்லாகச் சொல்லிவிடலாம். அந்த நொடியே வேலை செய்யும், மின்சாரம் போனால் சொன்ன சொல்லும் போய்விடும். அல்லது அறையின் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு முறை எழும்போதும் அறை அதைப் படித்துக்கொண்டே எழும். ஓடும்வரை இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. விழுந்தால்தான் தெரியும். நெவெனா ஒவ்வொன்றையும் வீழ்த்திப் பார்த்தது அதனால்தான்.

அவள் கப்ரோவோவில் பிறந்தவள். அப்பா டோன்சோ ஆற்றங்கரைக் கம்பளி ஆலையில் தறி ஃபிட்டர். அவளும் அதே ஆலையின் கணினி அறையில்தான் முதல் வேலைக்குச் சேர்ந்தாள். கம்யூனிஸ்ட் ஆட்சி மாறியது, ஆலையை விற்றார்கள். விற்றார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. நேற்றுவரை தொழிலாளர் புகழ் பாடிய வாய்களே மறுநாள் ஏலம் கேட்டன. தறிகள் எடைக்குப் போயின. டோன்சோ தன் கையால் பூட்டிய தறியைத் தன் கையாலேயே கழற்றி லாரியில் ஏற்றினார். அதற்கும் அவருக்குக் கூலி கொடுத்தார்கள்.

பிழைப்புக்கு வழியில்லாமல் நெவெனா இத்தாலிக்குப் போனாள். இந்த நாட்டின் பெண்கள் பாதிப் பேர் போன வழி அது: அங்கே பணக்கார வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டி, மலம் துடைத்துக் காலத்தைத் தள்ளினாள். அவளுடைய அப்பாவோ மலைமேல் பெலிகா கிராமத்துக்குக் குடியேறி, தனக்குத் தானே சமைத்துத் தின்றார். ஊரான் வீட்டு அப்பனைப் பார்த்துக்கொள்ளச் சொந்த அப்பனை விட்டுவிட்டு வரச்சொல்லும் உலகத்தை எந்தச் சாமி படைத்தது என்று அவள் அங்கே வேலை பார்த்த வீட்டுக்கு வந்துபோகும் ஒரு கன்னியாஸ்திரீயிடம் கேட்டு, அந்த வீட்டு வேலையை இழந்தாள். அடுத்த வீட்டில் பேரப்பிள்ளைகள் தூக்கிப்போட்ட மடிக்கணினி கிடைத்தது. அதில் லினக்ஸ் கற்றாள். ஊர் திரும்பியபோது அவளுடைய பழைய ஆலையிலேயே சர்வர்கள் இரைந்துகொண்டிருந்தன. அப்பாவின் தறி நின்ற கூடத்தில் இவள் உட்கார்ந்தாள்.

கம்பெனி மேலாளர் வெலிசார். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. வாழ்த்து வாங்கியே வளர்ந்தவன். வரவேற்பறைச் சுவரில் பெரிய திரை மாட்டி வைத்திருந்தான். சர்வர் நிற்காமல் ஓடிய நாட்களை அது எண்ணிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவான். ஆண்டுக்கொரு முறை, நிற்காத சர்வருக்குப் பிறந்தநாள். கேக் வரும், மெழுகுவர்த்தி வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். யாரும் எதையும் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். நெவெனா தன் பொறுப்பில் இருந்த சின்னச் சர்வர்களில் மட்டும் மீறுவாள். திரைக்குரிய பெரிய சர்வர் ராட்கோவின் பொறுப்பு.

"கேக் எடுத்துக்கங்க நெவெனாக்கா," என்றான் வெலிசார், கடைசிப் பிறந்தநாளின்போது.

"வேணாம். படுத்து எழுந்திருக்காத ஆளுக்கு உடம்பு நல்லாயிருக்குன்னு யாரு சொன்னது?"

"பூனை வாலை வெட்டின ஊர்க்காரங்க நீங்க. கேக் மிச்சமானா உங்களுக்குச் சந்தோஷம்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். பூனை நுழைந்ததும் கதவு சீக்கிரம் மூடினால் வீட்டுச்சூடு வீணாகாது என்று பூனையின் வாலை வெட்டிய கஞ்சர்கள் கப்ரோவோக்காரர்கள் என்பது நாடறிந்த கேலி. நெவெனாவும் சிரித்தாள். கேக்கை மட்டும் தொடவில்லை.

அந்தப் பெரிய சர்வரின் அறைகளில் ஒன்று பொத்தான் சேவைக்கு உரியது. மலைக்கிராமங்களில் தனியாக இருக்கும் முதியவர்களின் மணிக்கட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னும். வீட்டிலிருக்கும் சின்னப் பெட்டி வழியாகச் செய்தி அந்த அறைக்கு வரும். அறை நர்ஸை எழுப்பும். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் விளக்கு பச்சையாகும். பெலிகாவில் குளிர்காலத்தில் புகை வரும் வீடுகள் இரண்டே இரண்டு: டோன்சோவுடையது, ஆடு வளர்க்கும் ஸ்தானாவுடையது.

"இதை அமுக்கினா யாரு வருவா?" என்று கேட்டார் டோன்சோ, நெவெனா பொத்தானைக் கட்டிவிட்ட அன்று. "நர்ஸம்மாவா, இல்ல நாடாளுமன்றத்துல தீர்மானம் போட்டு அனுப்புவாங்களா?"

"எங்க கூடத்துக்குத்தான்பா முதல்ல வரும். உங்க தறி நின்ன இடம்."

"அப்படியா? அப்ப சரி. அந்த இடத்துல நான் பூட்டினது எதுவும் ஓடாம நின்னதில்ல."

அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. தினமும் சாயங்காலம் சூப் குடிக்கும்போது பொத்தானைக் கழற்றிச் சார்ஜில் போடுவார். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொள்வார். மார்ச் பிறந்ததும் நெவெனா அதே மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்தெனிட்சா நூலைக் கட்டிவிட்டாள். பூத்த மரத்தைக் காணும்வரை அதைக் கழற்றுவதில்லை; கண்டதும் கழற்றி அதன் கிளையில் கட்டுவது வழக்கம்.

அந்த மாதத்திலேயே, ஈரப்பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மதியம், நகரத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருமியது, நின்றது. பெரிய சர்வர் பல ஆண்டுகளில் முதல்முறையாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது, சர்வர் எழுந்தது, அறைகள் எல்லாம் எழுந்தன. கண்காணிப்புத் திரையில் வரிசையாகப் பச்சை. ஒவ்வோர் அறையிலும் உயிர் இருக்கிறதா என்று மட்டுமே அந்தத் திரை பார்க்கும். கூப்பிட்டால் அறைக்குக் கேட்கிறதா என்று அது பார்ப்பதில்லை. வெலிசார் வரவேற்பறையில் நின்று, பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்ட நாள்கணக்கைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். அன்று வேலைக்கு வந்திருந்தவர்கள் அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

மறுநாள் காலை டோன்சோவின் வீட்டில் புகை வரவில்லை என்று ஸ்தானா போய்ப் பார்த்தாள். விறகுக் கொட்டகையில் கிடந்தார். இடுப்பு உடைந்திருந்தது. குளிரில் விறைத்துப் போயிருந்தார்.

அடக்கத்தின்போது பாதிரியார் கடவுளின் விருப்பம் என்றார். அப்பா இருந்திருந்தால் கடவுளின் விருப்பத்தை எந்தத் திருகுச்சாவியால் கழற்றுவது என்று கேட்டிருப்பார். பொத்தான் சேவையின் அதிகாரி ஒருவர் மலர்வளையத்தோடு வந்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் அவித்த கோதுமைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்களுக்கு எந்த அழைப்பும் வரலைம்மா. வயசானவங்க சார்ஜ் போட மறந்துடறாங்க. நாங்க என்ன பண்றது?"

அவ்வளவுதான். அந்த வார்த்தை தட்டோடு தட்டாக ஊரைச் சுற்றிவிட்டது. பாவம் டோன்சோ, மறந்துட்டாராம். கேட்டவர்களுக்கெல்லாம் அது வசதியாக இருந்தது. செத்தவன் தலையில் பழியைப் போட்டால் அவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அதிகாரத்துக்கு இதைவிடச் சாதுவான குற்றவாளி கிடைப்பானா?

நெவெனாவுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் அவள் அப்பாவின் மகள். 'மறந்திருக்கலாம். மறந்தாரா என்று பார்ப்போம்' என்றுதான் முதலில் நினைத்தாள். ஸ்தானாவிடம் போனாள்.

"அக்கா, நீ பார்த்தப்போ கையில விளக்கு எரிஞ்சுதா?"

"எரியாம என்ன? சிவப்பா மின்னிக்கிட்டே இருந்துச்சு. என்னால பார்க்க முடியல பொண்ணே. நான்தான் கழட்டி அணைச்சேன்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? வந்த ஆபீசர் சாருக்கு என் ஆட்டு நாத்தம் தாங்கல. மூக்கை மூடிக்கிட்டுப் போயிட்டாரு."

மின்னியது என்றால் சார்ஜ் இருந்தது. இரவு முழுக்க இருந்தது. சிவப்பாகவே மின்னியது என்றால் அவர் கூப்பிட்டிருக்கிறார்; அந்தப் பக்கம் பதில் வரவில்லை. நெவெனா பொத்தானையும் பெட்டியையும் துணியில் சுற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து, சார்ஜ் ஏற்றி அழுத்தினாள். உடனே பச்சை. மறுபடி அழுத்தினாள். பச்சை.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கேள்வி எழுந்தது. இன்றைக்குக் கேட்கிற அறைக்கு அன்றைக்கு ஏன் கேட்கவில்லை? அன்றைக்கு நடந்தது ஒன்றுதான்: அது விழுந்து எழுந்திருந்தது; எழுந்தபோது எதையோ மறந்திருக்க வேண்டும்.

அவள் ஒரு கூட்டம் கேட்டாள். வெலிசார், அந்த அதிகாரி, ராட்கோ, இவள். அதிகாரி சார்ஜ் கதையை மறுபடி ஆரம்பித்தார்.

"அந்த அறையை இப்ப நம்ம கண் முன்னாடி வீழ்த்தி எழுப்புங்க," என்றாள் நெவெனா. "எங்கப்பா மறந்தாரா, அறை மறந்துச்சான்னு தெரிஞ்சுடும்."

"விளையாடாதீங்க நெவெனாக்கா," என்றான் வெலிசார். "இப்பத்தான் நாள் திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்கு."

"மனுஷன் செத்திருக்கான். நீங்க நாள் எண்ணுறீங்க?"

"உங்க துக்கம் எனக்குப் புரியுது…"

"துக்கத்தை விடுங்க. காரணம் புரியணும் எனக்கு."

அவள் ஏற்கெனவே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்திருந்தாள்: கொஞ்ச நேரம் பொத்தான் வேலை செய்யாது, மலைமேல் இருக்கிற எல்லாருக்கும் போன் போட்டு விசாரியுங்கள் என்று. இனி அனுமதி கேட்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து அறையை நிறுத்தினாள். எழுப்பினாள். எழுந்தது. கண்காணிப்புத் திரையில் பச்சை.

"பார்த்தீங்களா? பச்சை," என்றான் வெலிசார்.

நெவெனா அப்பாவின் பொத்தானை மேசைமேல் வைத்து அழுத்தினாள். சிவப்பு. மின்னியது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிவப்பு மின்னியது, மின்னியது. அதிகாரி கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். நெவெனா அறைக்குள் என்ன இருக்கிறது என்று திரையில் காட்டினாள்: கற்பனை அட்டை இருந்தது, கற்பனைக் கம்பி பாலத்தில் செருகியிருந்தது. முகவரி மட்டும் இல்லை. கோப்பில் அந்த வரியே இல்லை. வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே விடும் வாசல், அந்த முகவரிக்காரர் யார் யார் என்று பாலமெங்கும் கேட்டுக்கொண்டிருக்க, உரியவன் தன் பெயரே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தான். அன்று ராத்திரி முழுக்க இப்படித்தான் மின்னியிருக்கிறது, அப்பாவின் கண்ணுக்கெதிரே.

அழுகுரல் கேட்டது. நெவெனா திரும்பினாள். ராட்கோ முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

சேவையை அவசரமாகத் தொடங்கிய நாளில் முகவரியைக் கட்டளையாகப் போட்டவன் அவன். கோப்பில் எழுதி, வீழ்த்திச் சரிபார்க்க வெலிசாரிடம் அனுமதி கேட்டிருக்கிறான். "ஓடுதில்ல? தொடாதே," என்ற பதில் வந்திருக்கிறது. கோப்புகளைத் தொட மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்பது இன்னொரு சட்டம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான்; அந்தப் பிறகு வரவே இல்லை. மின்சாரம் போன அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்களன்று வந்து பார்த்தவன், அறை முகவரியில்லாமல் கிடப்பதைக் கண்டு, பயத்தில் மறுபடி கட்டளையாகவே போட்டு மூடியிருக்கிறான். டோன்சோ இறந்த செய்தி அதற்கப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது. அவனோ அடக்கத்துக்கு வந்து, சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் தாங்கியவன்.

மறுநாளே கம்பெனி அறிவித்தது: ஓர் ஊழியரின் தனிப்பட்ட கவனக்குறைவு, அவர் நீக்கப்பட்டார், குடும்பத்தாருக்கு வருத்தம். அவ்வளவு நேரம் காரணமே இல்லாதிருந்த சாவுக்கு ஒரே நாளில் காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் யார் தலை கைக்கு எட்டியதோ அந்தத் தலையில்.

நெவெனா வெலிசாரின் அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கை அவனுது. ஒத்துக்கறேன். கையைக் கட்டினது யாரு?"

"உங்களுக்கு உண்மை வேணும்னீங்க, கிடைச்சுது. இன்னும் என்ன வேணும்?"

"பாதி உண்மையை வெட்டிக் குடுத்திருக்கீங்க. பூனை வாலு மாதிரி."

"யாரையாவது அனுப்பித்தான் ஆகணும் நெவெனாக்கா. நான் என்னையே அனுப்பிக்க முடியுமா?"

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அது தோன்றவில்லை. உலகத்து அநியாயத்தில் பெரும்பங்கு இப்படிக் கள்ளமில்லாத முகத்தோடுதான் நடக்கிறது.

அவள் ராட்கோவின் வீட்டுக்குப் போனாள். அவன் கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. பின்னால் அவன் மனைவி ஈவா நின்று, ஆறிப்போன அடுப்பைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் உன்னை மாட்டிவிட நினைக்கலடா," என்றாள் நெவெனா. "அப்பா மேல இருந்த பழியைத்தான் எடுக்க நினைச்சேன்."

"தெரியும்."

"வெலிசார்தான் உன்னைத் தடுத்தான்னு எங்க வேணா வந்து சொல்றேன்."

"சொல்லு. யாரு கேப்பாங்க?" அவன் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு மட்டும் கேக்கறேன்க்கா. நானும் நீயும் எத்தனை வருஷமாப் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கோம்? என்னைத் தனியாக் கூப்பிட்டு, ராட்கோ என்னடா நடந்துச்சுன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். சொல்லாம என்னால தூங்கவே முடியல. நீ என்னைக் கேக்கல. மெஷினைக் கேட்ட."

அடக்கத்துக்குப் பிறகு அவன் மூன்று முறை வாயெடுத்துச் சொல்ல வந்ததும், தான் துக்கத்தில் கையசைத்து அனுப்பிவிட்டதும் அப்போதுதான் நெவெனாவுக்கு நினைவுக்கு வந்தன. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பூட்டும் ஓசை கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நாற்பதாம் நாள் வந்தது. இந்த ஊரில் இறந்தவரின் படத்தோடு துக்க அறிவிப்பைக் கதவிலும் மரத்திலும் ஒட்டுவார்கள்; நாற்பதாம் நாளிலும், ஆறாம் மாதத்திலும், ஆண்டு நிறைவிலும் மறுபடி ஒட்டுவார்கள். அச்சுக்காரர் வழக்கமான வாசகத்தை வைத்திருந்தார்: அன்பான தந்தை, ஆறாத துயரம். நெவெனா அதை அடித்துவிட்டு வேறு எழுதித் தந்தாள்.

"இப்படியெல்லாம் யாரும் போடறதில்லையேம்மா," என்றார் அச்சுக்காரர்.

"இனிமே போடுவாங்க."

படத்தில் டோன்சோ ஆலைத் தொப்பியோடு இருந்தார். கீழே: டோன்சோ, தறி ஃபிட்டர். அவர் மறக்கவில்லை. பொத்தானை அழுத்தினார். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கவில்லை.

பெலிகாவில் ஒட்டினாள். ஸ்தானா எழுத்துக்கூட்டிப் படித்து, சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தாள். "இதை அன்னிக்கே ஒருத்தன் என்கிட்ட கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றாள். கொட்டகைக்குப் பக்கத்தில் பிளம் மரம் பூத்திருந்தது. அப்பாவின் மணிக்கட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த சிவப்பு வெள்ளை நூலை நெவெனா அதன் கிளையில் கட்டினாள். கட்ட வேண்டியவர் அவர்.

ஆலை வாசல் கதவிலும் ஒன்று ஒட்டினாள். வெலிசார் ஆள் விட்டுக் கிழிக்கச் சொன்னான். கிழித்த இடத்தில் மறுநாள் இன்னொன்று ஒட்டினாள். அதையும் கிழித்தார்கள். அவளிடம் கட்டுக்கட்டாக இருந்தது. ஆறாம் மாதத்துக்கும் ஆண்டுக்கும் சேர்த்தே அச்சடித்து வைத்திருந்தாள். அவளை வேலையை விட்டு எடுக்க வெலிசாருக்குப் பயம். வாடிக்கையாளர்கள் இப்போது திரையைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்க்கிறார்கள். பெரிய சர்வரின் பொறுப்பும் அவளிடமே வந்து சேர்ந்தது. அறை அறையாகக் கோப்பைத் திறந்து, முகவரியை எழுதி, பட்டப்பகலில் வீழ்த்தி எழுப்பினாள். எழுதாத அறைகள் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றும் எழும்போது அவள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பாள். அது காலியாக இருக்கும்.

ஒரு நாள் ஜன்னல் வழியே ராட்கோவைக் கண்டாள். வேறெங்கோ வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தான் போலும், கையில் பை. ஆலை வாசலில் நின்றான். கதவிலிருந்த டோன்சோவின் படத்தைப் பார்த்தான். ஒரு மூலை பிய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். பிய்ந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி, அது ஒட்டிக்கொள்ளும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

நெவெனா மாடிப்படியில் ஓடி இறங்கினாள். வாசலுக்கு வந்தபோது அவன் ஆற்றுப் பாலத்தைக் கடந்துவிட்டிருந்தான். கூப்பிட்டாள். ஆற்றின் இரைச்சலில் அது அவனுக்குக் கேட்டதோ, கேட்கவில்லையோ, அவன் திரும்பவில்லை.